வாசலில் எரிந்த அடுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை என் மாமனார் சாகவில்லை.

இதை எதற்கு முன்னாலேயே சொல்கிறேன் என்றால், போன வாரம் உப்பளத்துக்குள் பஸ் இறங்கிய கதையை எழுதியதற்கு ஒரு வாசகி சண்டைக்கு வந்துவிட்டார். "எல்லாரும் பிழைத்தார்களா இல்லையா என்று கடைசி வரி வரைக்கும் சொல்லாமல் இழுத்தடிக்கிறீர்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு" என்று கோபம். அம்மா, இந்த வாரம் நிம்மதியாகக் காப்பியோடு உட்காருங்கள்.

ஆனால் அன்றைக்குச் செசிலி அக்காவுக்கு நிம்மதி இல்லை. பக்கத்து வீட்டுச் செசிலி அக்கா அவிழ்த்துப் போட்ட தலைமுடியோடு எங்கள் வாசலில் நின்றார். ஒரு கையில் தூக்குவாளி நிறையக் காப்பி. இன்னொரு கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எய்யா மாமா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று ஒரே ஓலம். அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். மாதா கோயிலில் துக்க மணி விட்டுவிட்டு விழுந்தது.

இவர்களுக்கு நடுவில் முகமெல்லாம் கரியும் வாயெல்லாம் பல்லுமாக, கையில் இடுக்கியோடு என் வீட்டுக்காரர் நிற்கிறார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் பெஞ்சுல உக்காருங்க. மீன் இப்ப வெந்துரும்" என்கிறார்.

அப்பனைப் பறிகொடுத்த துக்கத்தில் மகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, கூட்டம் இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு பார்பிக்யூ அடுப்பு. அந்த அடுப்புக்குக் காரணம், பெற்ற தகப்பனைக் கண்டாலே வீறிட்டு அலறிய என் மகள்.

படத்தில் இருந்தால் அப்பா

என் வீட்டுக்காரர் பெயர் லூர்து. சரக்குக் கப்பலில் ஆயில்மேன். இன்ஜினுக்குப் பக்கத்திலேயே கிடந்து எண்ணெய் போடுகிற வேலை. எழுபதுகளில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில்தான் இருந்தார்கள். மீதிப் பாதி கடலில் மீன் பிடித்துக்கொண்டோ, துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டோ இருந்தார்கள். புதுத் துறைமுகம் வந்த புதிது. ஊரில் எல்லார் வாயிலும் கப்பல் பேச்சுதான்.

எங்கள் மகள் பிலோமினா கைக்குழந்தையாக இருக்கும்போது இவர் கப்பலேறினார். திரும்பி வரும்போது அவள் நடந்தாள், ஓடினாள், என் மாமியாரை எதிர்த்துப் பேசினாள். வாய் நீளத்தில் என்னையே உரித்து வைத்திருக்கிறாள் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

தினமும் படுக்கப் போகும்முன் அவளைத் தூக்கிக்கொண்டு போய், சுவரில் மாட்டியிருந்த இவர் படத்தைக் காட்டுவேன். "அப்பாக்கு முத்தம் குடு" என்றால் கண்ணாடியில் எச்சில் ஒழுக ஒரு முத்தம் கொடுப்பாள். அந்தப் படம் ஊரில் உள்ள ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. கோட்டும் டையும் ஸ்டூடியோக்காரருடையது. தூத்துக்குடியில் அந்தக் கோட்டைப் போட்டுப் படம் எடுக்காத மாப்பிள்ளையே கிடையாது.

லீவில் வந்த மனுஷர் வாசலில் பெட்டியை இறக்கியதும் இரண்டு கையையும் நீட்டினார். "பிலோ, அப்பா வந்திருக்கேன் மக்கா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஓர் அலறல் போட்டாள் பாருங்கள், தெருக்கோடியில் மீன் விற்றவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

அன்றிலிருந்து அதே கதைதான். அவர் உள்ளே வந்தால் இவள் வெளியே ஓடுவாள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் இவள் மேசைக்கு அடியில் போய் ஒளிவாள். ராத்திரி அவர் அறைக்குள் காலெடுத்து வைத்தாலே அழுகை. ஒரு வருஷத்துக்கு மேல் கடலில் கிடந்துவிட்டு வந்தவர் வாசல் முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். எனக்கு அவர் மேல் பரிதாபம், பிள்ளை மேல் எரிச்சல். வெளியே சொல்ல வெட்கம்.

"படத்தில இருக்கிறதுதான் அப்பான்னு நெனச்சிட்டாளோ?" என்று ஒரு நாள் கேட்டார்.

மறுநாள் ஸ்டூடியோக்காரரிடம் போய் அதே கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார். படத்துக்குப் பக்கத்தில் போய் அதே மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

பிலோ படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சுவரில் இருந்த ஆள் இறங்கி வந்துவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்றைக்கு அழுத அழுகையில் காய்ச்சலே வந்துவிட்டது. அத்தோடு படத்துக்குக் கொடுத்த முத்தமும் நின்றது.

மாமாவின் ஆறுதல்

என் மாமனார் பழைய குளியாளி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்கும், அது இல்லாத காலத்தில் சங்குக்கும் கடலுக்குள் இறங்கியவர். மூச்சடக்கி மூச்சடக்கிக் கடைசியில் இளைப்பும் காது மந்தமும்தான் மிச்சம். அவர் பக்கத்தில் நின்று சங்கு ஊதினாலும் "யாரு கூப்பிட்டா?" என்று கேட்பார். ஆனால் பேச்சில் மட்டும் ஒரு குறையும் கிடையாது.

மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்து அவர் ஒரு நாள் சிரித்தார்.

"ஏலே, நான் மன்னார்ப் பக்கம் முத்துக் குளிக்கப் போயிட்டு வந்தப்ப நீ என்ன செஞ்ச தெரியுமா? நாயை அவுத்து விட்ட. சொந்த வீட்டுக்குள்ள நுழைய முடியாம நான் பூவரச மரத்தில ஏறி உக்காந்திருந்தேன்."

"பெறகு நான் எப்படிப்பா உங்கக்கிட்ட வந்தேன்?" என்று அவர் காதோரம் குனிந்து ஆவலாகக் கத்தினார் இவர்.

மாமா யோசித்தார். "அது ஞாபகம் இல்லலே. நாய் வந்துச்சு மொதல்ல" என்றார்.

இதெல்லாம் ஓர் ஆறுதலா! ஆனால் லீவு கரைந்துகொண்டே இருந்தது. இவர் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளை ஒரு தடவையாவது இவர் மடியில் வந்து உட்காராமல் போனால் இந்த மனுஷர் எந்த முகத்தோடு கப்பலேறுவார் என்பதுதான் எனக்குக் கவலை. அடுத்த தடவை வரும்போது அவள் இன்னும் வளர்ந்திருப்பாள், இவர் இன்னும் அந்நியராகியிருப்பார்.

சாக்குக்குள் மூன்று கால்

கப்பல்காரர் ஊருக்கு வந்தால் பெட்டி திறக்கிறதை வேடிக்கை பார்க்கத் தெருவே வரும். நைலான் சேலை, வாசனைச் சோப்பு, டார்ச் லைட், பவுடர் டப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்போது ஆளாளுக்கு "ஆ" போடுவார்கள்.

இவர் கொண்டு வந்ததில் பெட்டியை விடப் பெரிதாக ஒரு சாக்குக் கட்டு இருந்தது. பம்பாயிலிருந்து ரயிலில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். தையல் மெஷின் என்று என் மாமியார் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "எம்மவன் எனக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கான்" என்று ஒரே பெருமை.

சாக்கைப் பிரித்தால் மூன்று இரும்புக் கால். அதன் மேல் பாதியாக வெட்டிய டிரம் மாதிரி ஒரு வயிறு. அதற்கு மேல் ஒரு கம்பி வலை.

மாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதில எங்கல தைக்கிறது?" என்றார்.

"எம்மா, இது அடுப்பு."

"அடுப்பா? எங்கிட்ட அடுப்பு இல்லன்னு எவன் ஒங்கிட்டச் சொன்னான்?" மாமி அன்று முழுக்க மகனோடு பேசவில்லை. சாமான் அறைக்குள் போன அடுப்பின் மேல் வெங்காயக் கூடை ஏறியது.

எதற்காக அதை அவ்வளவு தூரம் சுமந்து வந்தார் என்பதை என்னிடம்தான் சொன்னார். ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு துறைமுகம். கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் இவரையும் இன்னும் சில பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறது. காலைச் சாப்பாடு. சமைக்கக் குசினிக்குள் ஒருவரும் போகவில்லையாம். வெளியே புல் தரையில் இந்த மாதிரி அடுப்பை வைத்து, வீட்டுக்காரனே முட்டையும் ரொட்டியும் மீனும் சுட்டிருக்கிறான். பெண்டாட்டி கால் மேல் கால் போட்டுக்கொண்டு காப்பி குடித்தாளாம்.

"அந்த ஒரு விசயத்துக்காகவே நல்ல ஊருதான்" என்றேன்.

"அது இல்லளா. அவனுக்கு நாலு புள்ளைங்க. நாலும் அந்த அடுப்பச் சுத்தி, அவன் காலச் சுத்தி. ஒண்ணு முதுகுல ஏறுது, ஒண்ணு கையப் பிடிச்சுத் தொங்குது. நெருப்புப் பக்கத்தில நிக்கிற ஆளுட்ட புள்ளைங்க தானா வரும்ளா. நான் கண்ணால பாத்தேன்."

பாவி மனுஷர்! அந்தப் பிள்ளைகள் தகப்பனோடு தினமும் இருக்கிற பிள்ளைகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"அப்ப நாளைக்கே பத்த வைங்க" என்றேன்.

நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுகள்

எங்கள் பக்கத்துக் கேத வீட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக் குசினியில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் காப்பியும் கஞ்சியும் கொண்டு வருவார்கள். வருகிற கூட்டத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டுமென்றால் வாசலில்தான் அடுப்புக் கூட்டுவார்கள். காலையில் எழுந்ததும் தெருப் பெண்கள் ஓட்டு வீடுகளின் மேல் ஒரு கண் ஓட்டுவது வழக்கம். எந்த வீட்டுக் குசினியில் புகை வருகிறது, எதில் வரவில்லை என்பது எல்லாருக்கும் அத்துப்படி.

இது எங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

விடிந்தும் விடியாமல் இவர் கோயிலுக்கு ஓடினார். வெளிநாட்டில் மாதிரி எல்லாரும் வெளியே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டில் அதற்கு நாற்காலி இல்லை. கோயில்பிள்ளையிடம் பெஞ்சுகளைக் கேட்டிருக்கிறார். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பெஞ்சு தருவது எல்லாம் அவர் பொறுப்புதான்.

"என்னப்பா இந்த நேரத்தில? வீட்டில என்ன?" என்று கோயில்பிள்ளை கேட்டாராம்.

மீன் ஏலம் முடிந்துவிடுமே என்ற அவசரத்தில் இவர், "பெறகு சொல்லுதேன் அண்ணாச்சி, நேரமில்ல" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமாவுக்கு முந்தின ராத்திரி இளைப்பு. மகனின் கட்டிலில் அவரும், தரையில் பாய் போட்டு மகனுமாக முற்றத்தில் படுத்திருந்தார்கள். விடியப் போகும்போதுதான் மாமா கண்ணயர்ந்தார். அவரை எழுப்ப எங்களுக்கு மனமில்லை.

இன்ஜின் அறையில் நெருப்போடு புரண்ட மனுஷருக்குக் கரி பற்ற வைக்கத் தெரியவில்லை. இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரி புகைந்ததே ஒழியக் கனலவில்லை. மண்ணெண்ணெய் தர மாமி மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் காகிதத்தைப் பற்ற வைத்தார். கடற்காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. காற்றுப் படாத இடம் எது என்று தேடி, அதை மாமாவின் தலைமாட்டில் ஸ்டூலின் மேல் வைத்தார்.

புகை மாமாவின் முகத்தைச் சுற்றியது. மாமி வந்தார். "இளைப்புக்காரருக்குப் புகை ஆகுமாலே?" என்று மகனைத் திட்டிவிட்டு, பெட்டியில் வந்த புது வெள்ளை விரிப்பை எடுத்து மாமாவை உச்சி முதல் பாதம் வரை மூடினார். புகையில் எரிந்த கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

இனி தெருவிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எங்கள் வீடு எப்படித் தெரிந்திருக்கும்? குசினியில் புகை இல்லை. வாசலில் அடுப்பு. வரிசையாகக் கோயில் பெஞ்சுகள். கட்டிலில் வெள்ளைத் துணி மூடிய உருவம். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிற மாமி.

ஏ மாதாவே! நானே தெருவில் போயிருந்தால் தலைமுடியை அவிழ்த்துப் போட்டிருப்பேன்.

முட்டை போன வழி

நான் பின்னால் கிணற்றடியில் விளமீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். பிலோ பக்கத்தில் உட்கார்ந்து செதிலைப் பொறுக்கித் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா அங்கன அடுப்புப் பத்த வைக்காவ, போய்ப் பாரு" என்றால், தலையைத் தலையை ஆட்டினாள். முடியாதாம்.

வாசலில் இருந்து சத்தம் வந்தது. "ஏளா, முட்டை போச்சு!"

கம்பி வலையின் மேல் முட்டையை உடைத்து ஊற்றியிருக்கிறார். அது நிற்குமா? நேராகக் கரிக்குள் இறங்கி அணைந்தது. அந்த வெள்ளைக்காரன் தட்டையான ஒரு தகடு வைத்திருந்தானாம், அதைக் கேட்டு வாங்க இவருக்குத் தோன்றவில்லை.

"எம்மா, அந்தத் தோசைக்கல்லக் குடுங்க."

"எந்தோசைக்கல்ல அந்தக் கண்டதில வைக்கவா? கையத் தொடு பாப்போம்" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

ரொட்டித் துண்டுகளைச் சுட்டார். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை. மனுஷர் அசரவில்லை. மிளகாயும் உப்பும் தடவிய மீனை நான் கொண்டு போய்க் கொடுத்தேன். வலையில் வைத்ததும் சுள்ளென்று ஒரு வாசனை எழுந்தது. அதுவரை செய்த கோமாளித்தனத்தை எல்லாம் அந்த வாசனை மன்னிக்க வைத்தது.

"பிலோவக் கொண்டாளா" என்றார். குரலில் அவ்வளவு நம்பிக்கை.

அவளைக் கூப்பிட நான் பின்பக்கம் திரும்பியபோதுதான் முதல் மணி விழுந்தது. பெஞ்சு வாங்க வந்தவரின் அவசரத்தையும், மாமாவின் இளைப்பையும் கூட்டிக் கழித்துப் பார்த்துக் கோயில்பிள்ளை துக்க மணியைத் தொடங்கிவிட்டார். பங்குச் சாமியாருக்குச் சொல்லிவிடவும் ஆள் அனுப்பியாகிவிட்டது.

"யாருக்கோ கேதம் போலிருக்கே" என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

காலைப் பிடித்த கை

நான் பிலோவோடு வாசலுக்கு வந்தபோது முற்றம் முழுக்க ஆள். செசிலி அக்கா கட்டிலின் கால்மாட்டில் விழுந்து கிடந்தார். காது மந்தமான மாமாவோ ஓர் அசைவில்லாமல் தூங்கினார்.

சத்தம் கேட்டு மாமியும் குசினியிலிருந்து ஓடி வந்தார். தான் உள்ளே போன கொஞ்ச நேரத்துக்குள் உண்மையிலேயே உயிர் போய்விட்டது என்றே அவர் நினைத்துவிட்டார். "ஐயோ, நான் துணியப் போட்டு மூடும்போது மூச்சு இருந்துச்சே!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

அந்த நேரத்தில் பெண்கள் பிலோவைப் பார்த்துவிட்டார்கள். கேத வீட்டில் சின்னப் பிள்ளையைக் கண்டால் சும்மா விடுவார்களா? "எம்மா, தாத்தா போயிட்டாரேம்மா" என்று ஆளாளுக்குக் கையை நீட்டி இழுத்தார்கள். ஒருத்தி கட்டிப் பிடித்தாள், இன்னொருத்தி தலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். என் கையிலிருந்து பிள்ளை நழுவிவிட்டாள்.

கால்களுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து ஓடினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுகிற முகம். அழாத ஒரு முகம்தான் அங்கே இருந்தது. கரியப்பிய அந்த முகத்தை நோக்கி நேராக ஓடினாள். ஓடிப் போய் இரண்டு கையாலும் அவர் காலைக் கட்டிக்கொண்டு, கைலிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாமி அலறுகிறார். "ஏங்க, மாமாவப் பாருங்க!" என்று நான் கத்துகிறேன். இந்த மனுஷரோ இடுக்கியை உதட்டுக்கு நேரே தூக்கி, "உஸ்" என்று எனக்குச் சைகை காட்டுகிறார். பிறகு மெல்ல, மெல்ல அந்த இடுக்கியால் கீழே காட்டினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் காலில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் கைகளை.

அப்பா தூங்குகிறார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கத்தினால் கூட்டம் முழுக்க அடங்கிவிடும். ஆனால் கத்தினால் பிள்ளை பயந்து கையை விட்டுவிடுவாள். வலையில் மீன் கருகிப் புகைந்தது. அதைத் திருப்பக்கூட அவர் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. அது புகையால் இல்லை.

நான் போய்த் துணியை இழுத்தேன்.

மாமா கண்ணைத் திறந்தார். கால்மாட்டில் செசிலி அக்கா, சுற்றிலும் தலைவிரி கோலமாகத் தெரு, தலைமாட்டில் மெழுகுவர்த்தி. நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஏளா செசிலி, யாருக்குக் கேதம்?" என்றார்.

செசிலி அக்கா திடுக்கிட்டு எழுந்து, அப்படியே பின்னுக்குச் சாய்ந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சு இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு கேதம் நிஜமாகவே நடந்திருக்கும்.

தெருவே சாப்பிட்டது

விஷயம் விளங்கியதும் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் திட்டினார்கள். சாமியார் வேகமாக வந்து, மாமா உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் முக்குவதைப் பார்த்துவிட்டு, "சரி, வந்தது வந்துட்டேன்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார். கோயில்பிள்ளை மட்டும் வாசலுக்குள் வரவே இல்லை. மதில் ஓரமாக நின்று தலையைச் சொறிந்தார்.

கேத வீட்டுக்குக் கொண்டு வந்த காப்பியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அது ஆகாது. அதனால் தூக்குவாளிகளும் கஞ்சிப் பானைகளும் அங்கேயே காலியாக வேண்டியிருந்தது. யாரோ ஓடிப் போய் இட்லி கொண்டு வந்தார்கள். யாரோ கருவாடு கொண்டு வந்து வலையில் போட்டார்கள். மாமி உள்ளே போய்த் தோசைக்கல்லை எடுத்து வந்து, "தள்ளுல" என்று மகனிடம் சொல்லிவிட்டு முட்டையை ஊற்றினார்.

மாமாவுக்குத்தான் கொண்டாட்டம். "ஆருளா நல்லா அழுதது?" என்று விசாரித்து விசாரித்துக் கேட்டார். "செசிலி, ஒங் கொரல்ல ஒரு சுகம் இருக்கு. நான் நெசமாப் போற அன்னைக்கும் இப்படியே அழணும், கொறச்சிரக் கூடாது" என்று ஒப்பந்தமும் போட்டார்.

இவர் காதில் இதெல்லாம் விழவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கால் விலகவில்லை, அதனால் பிலோவும் விலகவில்லை. கருகிய விளமீனின் தோலை உரித்து, உள்ளே வெள்ளையாக இருந்த சதையை எடுத்து, முள் பார்த்து, ஊதி ஊதி நீட்டினார்.

அவள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அடுத்த வாய்க்கு அவளே அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஆவி பறக்குது, ஊது" என்று அவருக்கு உத்தரவு வேறு. கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஸ்டேஷனில்

மிச்சமிருந்த நாளெல்லாம் காலையில் வெளி அடுப்புதான். மாமி மட்டும் ஒரு சட்டம் போட்டார். முதலில் குசினியில் விறகு எரிந்து, புகை ஓட்டுக்கு மேலே போக வேண்டும். அதைத் தெரு பார்க்க வேண்டும். பிறகுதான் வாசலில் கரி.

பிலோ அவர் தோளிலிருந்து இறங்கவே இல்லை. சாப்பாடு அவர் கையால், தூக்கம் அவர் நெஞ்சின் மேல். நான் யாரோ ஆகிவிட்டேன். அதிலும் ஒரு சந்தோஷம்தான்.

கப்பலுக்குத் திரும்புகிற நாள் வந்தது. ஸ்டேஷனுக்குப் பிள்ளையைக் கொண்டு வர வேண்டாம் என்று மாமி சொன்னார். இவர் கேட்கவில்லை.

ரயில் கிளம்பப் போகிற நேரத்தில் அவர் கழுத்திலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. "அப்பா! அப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பிஸ்கட் கொடுத்தேன், வீசி எறிந்தாள். இடுப்பில் நிற்காமல் வில்லாக வளைந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ள அது பாட்டுக்கு இருந்துச்சு. இப்பப் பாருங்க, எப்படிக் கெடந்து துடிக்கான்னு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். இன்ஜின் பக்கம் வேடிக்கை காட்டலாம் என்று அவள் முகத்தைத் திருப்பினேன்.

"திருப்பாதளா" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார். "அழட்டும். போன தடவ நான் போவும்போது தொட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்தா. நான் போனதே அவளுக்குத் தெரியல."

ரயில் நகர்ந்தது. நான் பிள்ளையைத் திருப்பவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிகிற மட்டும் தெரியட்டும் என்று இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பெட்டி மறைகிறவரை அவள் தொண்டை கிழிய அழுதாள், நான் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை.